உங்களுக்குத் தெரியுமா? பீரோவில் இருக்கும் கல்யாண டிவிடி

கோடியக்கரை, கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி, வேதாரண்யம் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் 2000-க்குப் பிறகு நடந்த கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் பெரும்பாலும் டிவிடியில்தான் இருக்கின்றன. ஸ்டூடியோவில் கொடுத்தது ஒன்று. அதிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ரைட் செய்து அண்ணன் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் கொடுத்தது இரண்டு மூன்று. இப்போது எடுத்துப் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, பாதியில் நிற்கிறது, சிலது ஓடவே மாட்டேன் என்கிறது. "சிடி போயிடுச்சு" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றை இன்னும் மீட்கலாம். ஆனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட மீட்பது கடினமாகும்.

● பதினொன்றே முக்கால் கிலோமீட்டர் பாதை

12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு டிவிடியில் தகவல் பதியும் சுருள்பாதையை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய 11.8 கிலோமீட்டர் வரும். வேதாரண்யத்தில் பஸ் ஏறி கோடியக்கரையில் இறங்கும் தூரமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு நடுவே 0.74 மைக்ரான்தான் இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் 1,350 சுற்றுகள் அடங்கிவிடும்.

இந்தப் பாதை நடுத்துளைக்குப் பக்கத்தில் தொடங்கி ஓரத்தில் முடிகிறது. எடுக்கும்போது விரல் படுவது ஓரத்தில். தட்டு லேசாக வளைந்தாலும் அதிகம் தூக்கி இறங்குவது ஓரம். ஈரம் முதலில் புகுவதும் அங்கேதான். அதனால்தான் முகூர்த்தம் வரை நன்றாக ஓடிய டிவிடி, சொந்தபந்தமெல்லாம் வரிசையாக மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ளும் கடைசி அரை மணியில் நின்றுவிடுகிறது. இன்று நம்மோடு இல்லாத தாத்தா பாட்டிகளின் முகம் பல வீடுகளில் அந்த அரை மணியில்தான் இருக்கிறது. இனி ஒரு டிவிடி ரைட் செய்வதாக இருந்தால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துவது நல்லது.

● கோளாறு தட்டிலா, படத்திலா, பிளேயரிலா?

இதைக் கண்டுபிடிக்காமல் வேறு எதையும் செய்யாதீர்கள். படம் உடைகிற இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 42-ஆவது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதே டிவிடியை இன்னொரு வீட்டுப் பிளேயரிலும் ஒரு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பாருங்கள்.

மூன்றிலும் அதே 42-ஆவது நிமிடத்தில், துளியும் மாறாமல் அதே மாதிரி உடைந்து, அடுத்த நொடியே எதுவும் நடக்காததுபோல் ஓடினால் கோளாறு பெரும்பாலும் படக்கோப்பிலேயே இருக்கிறது. கேசட்டிலிருந்து ஏற்றும்போதோ சுருக்கும்போதோ வந்தது. எத்தனை முறை துடைத்தாலும் போகாது.

ஒரு பிளேயரில் 42-இலும் இன்னொன்றில் 50-இலும் தடுமாறினால், அல்லது ஒரே பிளேயரில் காலையில் ஓடி சாயங்காலம் நின்றால், படம் நன்றாக இருக்கிறது, தட்டைப் படிப்பதில்தான் சிக்கல் என்று பொருள். முதலில் தட்டைத் துடையுங்கள், பிறகு வேறு டிரைவைத் தேடுங்கள்.

கடையில் வாங்கிய சினிமா டிவிடியும் அதே பிளேயரில் நிற்கிறதா? அப்படியானால் கல்யாண டிவிடியின் மேல் குற்றமில்லை. பிளேயரின் லென்ஸில் தூசும் உப்புப்படலமும் படிந்திருக்கலாம்.

● அட்சதை விழும் நொடியில் படம் ஏன் உடைகிறது?

தாலி கட்டும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கெட்டிமேளம் தொடங்கும் வரை மாப்பிள்ளையின் முகம், பெண்ணின் நெற்றிச்சுட்டி, பின்னால் நிற்கும் அத்தையின் புடவைக்கரை வரை தெளிவாகத் தெரியும். நாலு பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் வந்து விழும் அந்த நொடியில் முகங்கள் சதுரம் சதுரமாகக் கரைந்துவிடும். எல்லாரும் அடங்கி உட்கார்ந்ததும் படம் மறுபடி தெளியும்.

டிவிடியில் உள்ள எம்பெக்-2 முறை ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. முந்தைய படத்துக்கும் இதற்கும் என்ன மாறியதோ அதை மட்டுமே பெரும்பாலும் எழுதுகிறது. மேடையில் எல்லாரும் அசையாமல் நிற்கும்போது மாற்றம் குறைவு, கொஞ்ச இடம் போதும். நூறு கைகள் எறிந்த அரிசி ஒரே நேரத்தில் பறக்கும்போது திரையின் மூலைமுடுக்கெல்லாம் மாறுகிறது. அதை எழுத வேண்டிய இடம் இல்லையென்றால் விவரத்தை விட்டுவிட்டு வெறும் கட்டங்களாக எழுதிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4.7 ஜிபி தட்டில் 2 மணி நேரப் படம் வைத்தால் நொடிக்கு ஏறக்குறைய 5.2 மெகாபிட் கிடைக்கும். டிவிடியின் படத்துக்கான உச்சவரம்பு 9.8. மூன்று நாள் கல்யாணத்தை ஒரே தட்டில் அடக்க வேண்டும் என்று 4 மணி நேரத்தைத் திணித்தால் நொடிக்குக் கிடைப்பது 2.6தான். பேசிக்கொண்டிருக்கும் காட்சிக்கு அது ஓரளவு போதும். அட்சதைக்கும் மத்தாப்புக்கும் கடல் அலைக்கும் போதவே போதாது. ஸ்டூடியோ கொடுத்த 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியை வீட்டில் சுருக்கி 4.7-க்குள் அடக்கினாலும் இதே கதிதான்.

இப்படிச் சுருக்கிய நகலிலிருந்து இழந்த விவரத்தைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால் நகலை வைத்துக்கொண்டு போராடாமல் மூலத்தைத் தேடுங்கள். ஸ்டூடியோவில் மினிடிவி கேசட் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேசட்டில் ஒரு மணி நேரம் சுமார் 13 ஜிபி அளவுக்குப் பதிந்திருக்கும். அதில் ஒவ்வொரு அரிசியும் தெரியும்.

● 4.7 ஜிபி தட்டை கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. தட்டு செய்பவர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. இடம் ஒன்றுதான்.

● வேகமும் கெடுக்கும், ரொம்ப மெதுவும் கெடுக்கும்

16 மடங்கு வேகத்தில் ரைட் செய்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்போது தட்டு நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கொஞ்சம் எடை கூடக்குறைய இருந்தாலும் அதிரும், எழுத்து பிசகும். 8 மடங்கு வைத்தால் எட்டு நிமிடத்துக்குச் சற்று கூடுதலாக ஆகும். அந்த இரண்டு மூன்று நிமிடம் காத்திருப்பதில் நஷ்டமில்லை.

"ஒன்று அல்லது இரண்டு மடங்கில் ரைட் பண்ணினால் இன்னும் நல்லா வரும்" என்று சொல்பவர்கள் உண்டு. பழைய தட்டுகளுக்கு அது சரி. 16 மடங்குக்கென்று செய்த தட்டின் சாயம் வேகமான சூட்டுக்கு ஏற்பக் கலந்தது. அதை மிக மெதுவாகச் சுட்டால் பதிவு மோசமாகவும் ஆகலாம். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் பாதியை வைத்துக்கொள்வது பெரும்பாலும் சரியாக வரும்.

இன்னொன்று, மணமக்கள் படம் அச்சிட்ட காகித லேபிளை டிவிடியின் மேல் ஒட்டாதீர்கள். ஒரு நூலளவு தள்ளி ஒட்டினாலும் எடைச்சமன் போய்விடும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காகிதம் ஊதி, காய்ந்து, சுருங்கி, தட்டையும் வளைத்துவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்க முயலவும் வேண்டாம். ஒட்டியபடியே மெதுவாகப் படிக்கவைத்து நகலெடுங்கள்.

● டிவிடிக்குள் ஒரு ரகசியப் பெயர்

மேலே அச்சிட்டிருக்கும் பிராண்டும் தட்டைச் செய்த தொழிற்சாலையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. செய்தவரின் குறியீடு தட்டின் உள்வட்டத்திலேயே பதிந்திருக்கும். இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருளில் தட்டைப் போட்டால் அது தெரியும். எம்பிஐ என்று தொடங்கினால் மோசர் பேயர் இந்தியா, எம்சிசி என்றால் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல், சிஎம்சி என்றால் தைவான் நிறுவனம்.

ரைட்டர் இந்தக் குறியீட்டைப் பார்த்துத்தான் லேசரை எவ்வளவு சூடாக்குவது, எவ்வளவு நேரம் சுடுவது என்று முடிவு செய்கிறது. தனக்குத் தெரியாத குறியீடு வந்தால் பொதுவான ஒரு கணக்கில் சுடும், அது சரியாகவும் அமையலாம், கோணலாகவும் போகலாம். ஒரே ரைட்டரில் ஒரு பிராண்டு நன்றாக வந்து இன்னொன்று மோசமாக வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

மோசர் பேயர் 1983-இல் தொடங்கிய நிறுவனம். ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரிய வெற்றுத்தட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்று. குறைந்த விலையில் தமிழ்ப்பட டிவிடிகளை ஊர்ஊராகக் கொண்டுவந்ததும் அதுதான். 2018-இல் அதைக் கலைக்க உத்தரவானது.

● ஊதா நிறம் எதற்கு?

கடையில் வாங்கும் சினிமா டிவிடி அச்சில் அழுத்திச் செய்தது, அதில் இருப்பவை நிஜமான குழிகள். வீட்டில் ரைட் செய்யும் டிவிடியில் குழி இல்லை. ஒரு கரிமச் சாயம் இருக்கிறது, லேசர் அதைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு நிறம் மாற்றுகிறது. அடிப்பக்கம் ஊதாவாகத் தெரிவது அந்தச் சாயம்தான்.

ஜன்னல் ஓரம் நின்று தட்டைச் சாய்த்துப் பாருங்கள். எழுதிய பகுதிக்கும் எழுதாத பகுதிக்கும் நடுவே ஒரு வட்டக்கோடு தெரியும். நிறம் சீராக இருந்தால் நல்லது. ஓரத்தில் பால் சிந்தியதுபோல் வெளுப்போ, பழுப்புப் புள்ளியோ, மேகம்போல் திட்டோ தெரிந்தால் அந்தத் தட்டைத்தான் முதலில் நகலெடுக்க வேண்டும். 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தட்டுகளைப் பசையால் ஒட்டியதுதான் ஒரு டிவிடி. ஓரம் வெளுப்பது அந்தப் பசை விடுகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம்.

சாயத்துக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் அதை வெளுக்கவைத்துவிடும். வயலிலும் மாந்தோப்பிலும் பறவை விரட்டப் பழைய தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறோம். கட்டுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

● உப்புக்காற்றும் அந்துருண்டையும்

அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, பக்கத்தில் உப்பளம் என்றிருக்கும் கோடியக்கரையில் எந்த வீட்டிலும் அது நடக்காது. செய்ய முடிந்தது என்ன என்று பார்ப்போம்.

காகித உறையிலிருந்து எடுத்து பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்திவையுங்கள். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு அதற்குள் வையுங்கள். டிவிக்கு மேலும், மழையில் ஓதம் ஏறும் சுவரை ஒட்டிய அலமாரியிலும் வேண்டாம். பட்டுப்புடவையோடு சேர்த்து பீரோவில் வைப்பது வழக்கம், ஆனால் அந்துருண்டை ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். டிவிடியை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள்.

பூஞ்சணம் தட்டைத் தின்னும் என்றால் நம்புவீர்களா? மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ஒரு சிடியின் ஓரத்தில் புகுந்து உள்ளிருந்த அலுமினியப் பூச்சையும் பிளாஸ்டிக்கையும் ஒரு பூஞ்சை அரித்திருந்ததை மாட்ரிட் அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2001-இல் தெரிவித்தார்கள். அதுவும் வெக்கையும் ஈரமும் கூடிய ஊர்தான்.

● வேட்டி நுனியால் வட்டமாகத் துடைக்காதீர்கள்

மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் போகும். 6 மில்லிமீட்டர் அளவு வரை தொடர்ந்து அழிந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் கணக்கு டிவிடியில் இருக்கிறது. வட்டமாகத் துடைத்து விழும் கீறல் பாதையோடே ஓடுவதால் அந்தக் கணக்கையும் மீறிவிடும். பற்பசை தேய்க்கும் வைத்தியம் மேற்கீறலை மட்டும் கொஞ்சம் மழுப்பும். சாயம் வெளுத்த தட்டுக்கு அது எந்த விதத்திலும் உதவாது.

● புயல் தண்ணீரில் நனைந்த டிவிடி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஓடும் கூரையும் போன வீடுகளில் ஆல்பமும் டிவிடியும் சேற்றோடு கிடந்தன. நனைந்த போட்டோ ஆல்பத்தைக் காப்பாற்றுவது கடினம். நனைந்த டிவிடியைக் காப்பாற்றுவது அதைவிட எளிது. பலர் அது தெரியாமல் குப்பையில் போட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

சேறு காய விடக்கூடாது. காய்ந்த சேறும் உப்புப் பரலும் துடைக்கும்போது கீறிவிடும். உறையிலிருந்து எடுத்து, நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, நிழலில் நிறுத்தி உலரவைத்து, பிறகு துடைத்து, உடனே நகலெடுத்துவிட வேண்டும். அடுப்பு, ஹேர் டிரையர், வெயில் எதுவும் வேண்டாம்.

● கனடாவிலிருந்து வந்த டிவிடி ஏன் துள்ளுகிறது?

நம் நாட்டிலும் இலங்கையிலும் பால் (PAL) என்ற வீடியோ முறை, நொடிக்கு 25 படம். கனடாவில் என்டிஎஸ்சி, நொடிக்கு ஏறக்குறைய 30. ஒன்றை இன்னொன்றாக அவசரமாக மாற்றினால் நடப்பவர் துள்ளித் துள்ளி நடப்பார். மாற்றாமல் அப்படியே கம்ப்யூட்டரில் விஎல்சி மென்பொருளில் ஓட்டுங்கள். கை வீசும்போது சீப்புப் பல்போல் கோடுகள் தெரிந்தால் அதிலேயே டீஇன்டர்லேஸ் என்ற தேர்வை அழுத்துங்கள், போய்விடும். அது தட்டின் கோளாறு இல்லை, பழைய குழாய் டிவிக்கென்று எடுத்த படத்தின் இயல்பு.

● கரண்ட் போய் அரைகுறையாக நின்ற தட்டு

ரைட் ஆகும்போது மின்சாரம் போனால் எழுதிய வரை அழிவதில்லை. தட்டு முடித்துவைக்கப்படாததால் பிளேயர் அதை வெற்றுத்தட்டு என்று நினைக்கிறது. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் அதற்குள் போய்ப் படித்துவிடும். கேமராவிலேயே பதியும் 8 சென்டிமீட்டர் சின்ன டிவிடிகளில் இந்தச் சிக்கல் ஏராளம். வெற்று என்று காட்டினாலும் அடிப்பக்கத்தில் வட்டக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உள்ளே படம் இருக்கிறது.

● இரண்டு டிரைவ் சேர்ந்து ஒரு தட்டை மீட்கும்

டிவிடியைத் திறந்து கோப்பை இழுத்துப் போட்டு நகலெடுத்தால் கெட்ட இடம் வந்ததும் "சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று சொல்லி விண்டோஸ் நின்றுவிடும். பின்னால் இருக்கும் நல்ல பகுதியும் வராது. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. முதலில் சிரமமில்லாமல் வருவதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். வராததை விட்டுத் தாண்டும். எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு விட்ட இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். அந்தக் குறிப்புக் கோப்பையும் பாதி மீண்ட கோப்பையும் இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய் அதே தட்டைப் போட்டால், அந்த டிரைவ் தன்னால் படிக்க முடிந்ததைக் கொண்டு ஓட்டைகளை நிரப்பும். டிரைவுக்கு டிரைவ் லேசரும் லென்ஸும் மாறுவதால், ஒன்று தடுமாறிய இடத்தை இன்னொன்று சாதாரணமாகத் தாண்டிப் போவது உண்டு. முழு ராத்திரி ஓடினாலும் ஓடட்டும், விட்டுவிடுங்கள். இந்தத் துணுக்குகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

புது லேப்டாப்பில் டிவிடி டிரைவே வருவதில்லை. யுஎஸ்பி டிரைவ் வாங்கினால் நீளமான கேபிளும் ஹப்பும் இல்லாமல் நேராகச் செருகுங்கள். மின்சாரம் போதாமல் அது பாதியில் அணைந்துபோவதைத் தட்டின் கோளாறு என்று நினைப்பவர்கள் பலர்.

● 47 சதவீதம்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் நிஸ்ட் நிறுவனமும் சேர்ந்து நடத்திய சோதனையின் முடிவு 2007-இல் வந்தது. சோதித்த ரைட்டபிள் டிவிடிகளில் 15 ஆண்டுக்கு மேல் தாங்கும் என்று மதிப்பிடப்பட்டவை 47 சதவீதம்தான். சிலவற்றுக்கு 1.9 ஆண்டே கணக்கானது. அதுவும் 25 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. 2008-இல் ரைட் செய்த கல்யாண டிவிடி அந்தப் பதினைந்தைத் தாண்டிவிட்டது. மூலக் கேசட் வைத்திருப்பவர்களும் காத்திருக்க வேண்டாம். மினிடிவி கேசட் தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது, அதை ஓட்டும் கேமராக்களும் அருகிவருகின்றன.

மூன்று நகல் வையுங்கள். ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். மூன்றும் கோடியக்கரையிலேயே அண்ணன் தம்பி வீடுகளில் இருந்தால் ஒரே புயலுக்கு மூன்றும் போகும். திருத்துறைப்பூண்டியோ தஞ்சாவூரோ, கடலை விட்டுத் தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று இருக்கட்டும். மேடையில் நிற்பவர்கள் யார் யார், என்ன உறவு என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துவையுங்கள்.

● பென் டிரைவில் இடம் இருந்தும் ஏன் ஏறவில்லை?

முழு டிவிடியை ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக மீட்டெடுத்து, 64 ஜிபி பென் டிரைவில் போட்டால் "கோப்பு பெரிதாக இருக்கிறது" என்று மறுக்கலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் என்று மாற்றி ஃபார்மேட் செய்தால் ஏறும். ஆனால் ஃபார்மேட் செய்யும்போது அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள். டிவியில் எக்ஸ்ஃபேட் ஓடவில்லை என்றால் ஐஎஸ்ஓவாக வைக்காமல் விடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டராகவே நகலெடுங்கள். அதற்குள் உள்ள விஓபி கோப்புகள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது.